கதிர்வீச்சுக்கு முன்பே பல் மருத்துவரைப் பாருங்கள்

ரொட்டித்துண்டைக் கடித்தபோது கீழ்வரிசை முன்பல் ஒன்று உடைந்து விழுந்துவிட்டதென்று அதைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தார் என் நோயாளி ஒருவர். தொண்டைப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. பல்லைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பாதி அப்படியே வெள்ளையாக இருந்தது. ஈறோடு சேரும் இடம் மட்டும் சுற்றிலும் பழுப்பேறி, கரையான் அரித்த மரம்போல் உளுத்துப்போயிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். மிச்சமிருந்த கீழ் முன்பற்களின் கழுத்திலும் அதே பழுப்பு வளையம்.

"வலித்ததா?"

"இல்லையே டாக்டர். வலித்திருந்தால் அப்போதே வந்திருப்பேனே."

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. வலித்தால் பல் மருத்துவரிடம் போவது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்பதுதான் நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். கதிர்வீச்சு பட்ட வாயில் அந்த வழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு வேண்டும் என்று இப்போதுதான் கேள்விப்பட்டவர்களுக்கும், அவர்களோடு மருத்துவமனைக்கு அலையும் வீட்டாருக்கும், எதை எப்போது செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர்கள் உங்கள் உடலைப் பார்த்துச் சொல்வது இதில் உள்ளதோடு மாறுபட்டால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

முதலில், வாய்க்குள் என்ன நடக்கிறது

வாய், தொண்டை, குரல்வளை போன்ற இடங்களில் வரும் புற்றுநோய்க்குப் பொதுவாக மொத்தம் 60 முதல் 70 கிரே வரை கதிர்வீச்சு தருவார்கள். கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. அதை ஒரே நாளில் கொடுக்க முடியாது. நாளுக்கு ஏறக்குறைய 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆறேழு வாரம் பிரித்துக் கொடுப்பார்கள். கதிர் புற்றுக்கட்டியைக் குறிவைத்துத்தான் வருகிறது. ஆனால் போகிற வழியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடை எலும்பு, மெல்லும் தசைகள் ஆகியவற்றையும் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

இதில் பற்களுக்குப் பெரிய அடி உமிழ்நீர் வழியாக வருகிறது. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் அந்த நீரை நாம் யாரும் மதிப்பதில்லை. அது உணவுத் துணுக்கைக் கழுவுகிறது, கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தை முறிக்கிறது, பல்லின் மேற்பரப்பிலிருந்து கரைந்துபோகும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொண்டுவந்து ஒட்டுகிறது. பல்லில் நாள்தோறும் விழும் நுண்ணிய ஓட்டைகளை அது நாள்தோறும் பூசி அடைத்துக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு தொடங்கிய முதல் இரண்டு வாரத்திலேயே சுரப்பு குறைய ஆரம்பிக்கும். மிஞ்சும் எச்சில் பசைபோல இழுபடும், அமிலத்தன்மையும் ஏறிவிடும். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும் எல்லை, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவில் 5.5. அந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதிக்கு அவ்வளவு அமிலம்கூடத் தேவையில்லை. சொத்தையை உண்டாக்கும் கிருமிகளுக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது.

அதனால்தான் கதிர்வீச்சுக்குப் பின் வரும் சொத்தை வேறு மாதிரி இருக்கிறது. சாதாரணச் சொத்தை கடைவாய்ப்பல்லின் குழியிலோ இரண்டு பற்களுக்கு நடுவிலோ ஒளிந்திருக்கும். இது பல்லின் கழுத்தைச் சுற்றியும், முன்பற்களின் வெட்டு முனையிலும், கடைவாய்ப்பற்களின் மேடுகளிலும் வரும். எச்சிலில் எப்போதும் நனைந்தே கிடப்பதால் சொத்தை எளிதில் அண்டாத கீழ் முன்பற்களைத்தான் பலருக்கு முதலில் பிடிக்கும். சிகிச்சை முடிந்து மூன்று மாதத்திலேயே ஆரம்பிக்கலாம், வேகமாகவும் பரவும். பல்லுக்குள் இருக்கும் நரம்புத்திசுவின் உணர்வும் மங்கிவிடுவதால், பல் ஒடியும்வரை வலி எட்டிப்பார்க்காமலே இருந்துவிடும்.

படி ஒன்று: முகக்கவசத்துக்கு அளவெடுக்கும் முன்பே பல் பரிசோதனை

கதிர்வீச்சு என்று முடிவான அந்த வாரத்திலேயே பல் மருத்துவரைப் பாருங்கள். தலையை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் முகக்கவசம் செய்து, ஸ்கேன் எடுத்து, திட்டம் போட்டு முடிக்கச் சில நாட்கள் ஆகும். பல் வேலைக்குக் கிடைக்கும் இடைவெளி பெரும்பாலும் அதுதான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

போகும்போது கதிர்வீச்சு மருத்துவரிடம் நான்கு கேள்விகளுக்கு விடை வாங்கிக்கொண்டு போங்கள். மொத்தம் எத்தனை கிரே? வலமா, இடமா, இரண்டு பக்கமுமா? தாடை எலும்பின் எந்தப் பகுதிக்கு 50 கிரேக்கு மேல் விழப்போகிறது? காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளில் ஒன்றையாவது காப்பாற்ற முடியுமா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். கதிரின் செறிவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து வளைத்துக் கொடுக்கும் இக்கால முறையில் அந்தச் சுரப்பியின் சராசரி அளவை ஏறக்குறைய 25 கிரேக்குள் வைக்க முயல்வார்கள். கட்டி இருக்கும் இடம் இடம்கொடுத்தால் அது நடக்கும். எல்லோருக்கும் முடிவதில்லை.

பல் மருத்துவர் முழுத்தாடை எக்ஸ்ரே எடுப்பார், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆழத்தை அளப்பார், அடைக்க வேண்டியதை அடைப்பார், காரையைச் சுரண்டி எடுப்பார், கன்னத்தையோ நாக்கையோ உரசும் கூர்முனைகளைத் தேய்த்து மழுக்குவார். வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்றும் அளந்து எழுதச் சொல்லுங்கள். அந்த எண் பிறகு தேவைப்படும்.

எந்தப் பல்லை எடுப்பது என்பதில்தான் பலர் பயந்துபோகிறார்கள். கதிர்வீச்சு என்றாலே எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடுவார்கள் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு காலத்தில் அப்படிச் செய்ததும் உண்மைதான். இப்போது நல்ல பல்லைத் தொடுவதில்லை. காப்பாற்றவே முடியாத சொத்தை, ஈறு வெகுவாகக் கழன்று ஆடும் பல், எலும்புக்குள் தங்கிவிட்ட வேர்த்துண்டு, பாதி முளைத்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல் போன்றவற்றைத்தான், அதுவும் அதிகக் கதிர் விழப்போகும் இடத்தில் இருந்தால், முன்கூட்டியே எடுக்கச் சொல்வார்கள். அதோடு இன்னொன்றையும் அவர்கள் எடைபோட வேண்டும்: இந்த வாயை இவர் எவ்வளவு தூரம் பராமரிப்பார்? பல் துலக்குவதில் நீங்கள் சோம்பேறி என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சந்தேகத்துக்குரிய ஒரு பல்லை வைப்பதா எடுப்பதா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தும் மாறும்.

எடுத்த இடம் ஆறக் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும், மூன்று வாரம் கிடைத்தால் நல்லது. எலும்பின் முனைகளை மழுக்கி, ஈறை மூடித் தையல் போட்டால் புண் சீக்கிரம் மூடும். ஆனால் பல்லுக்காகப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கட்டி வேகமாக வளர்கிறதென்றால் பல் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கை இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசி முடிவெடுக்கட்டும். நீங்கள் நடுவில் நின்று தூது போகாதீர்கள். ஒருவரின் தொலைபேசி எண்ணை மற்றவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வாயில் உலோக அடைப்போ உலோக உறையோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். கதிர் உலோகத்தில் பட்டுச் சிதறி, ஒட்டியிருக்கும் கன்னத்தையும் நாக்கையும் கூடுதலாகப் புண்ணாக்கும். சிதறல் சில மில்லிமீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும் என்பதால், பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே மென்மையான ஒரு தடுப்பு வைத்தாலே போதும். அதைத் திட்ட ஸ்கேன் எடுக்கும்போதும் அணிந்திருக்க வேண்டும்.

படி இரண்டு: ஃபுளூரைடுத் தட்டு

முதல் சந்திப்பிலேயே உங்கள் பல்வரிசைக்கு அச்சு எடுக்கச் சொல்லுங்கள். பசைபோன்ற பொருளை ஒரு கரண்டியில் நிரப்பி வாயில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். குமட்டினால் மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு தலையை லேசாக முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். அந்த அச்சிலிருந்து மேல்வரிசைக்கு ஒன்றும் கீழ்வரிசைக்கு ஒன்றுமாக மெல்லிய பிளாஸ்டிக் தட்டு செய்து தருவார்கள். அதன் விளிம்பு பல்லின் கழுத்தைத் தாண்டிச் சற்றே ஈறின்மேல் ஏற வேண்டும். சொத்தை வரப்போகும் இடம் அதுதானே. வாங்கும்போதே போட்டுப் பாருங்கள். எங்காவது குத்தினால் அங்கேயே சரிசெய்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் வாய் புண்ணான பிறகு சிறு முனையும் ஊசியாகும்.

இரவு படுக்கப் போகும் முன் பல் துலக்கி முடித்தபின் தட்டின் உட்பக்கம், பல்லை உறுதியாக்கும் 1.1 சதவீதச் சோடியம் ஃபுளூரைடு ஜெல்லை மெல்லிய கோடாக இழுத்துவிடுங்கள். அதிகம் வேண்டாம், வழிந்து தொண்டைக்குப் போகும். பல்லில் மாட்டி ஐந்து முதல் பத்து நிமிடம் இருங்கள். கழற்றியதும் நன்றாகத் துப்பிவிடுங்கள், வாய் கொப்பளிக்காதீர்கள். அரை மணிநேரம் தண்ணீர், உணவு எதுவும் வேண்டாம். தட்டைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் அது கோணிவிடும், பிறகு பல்லில் உட்காராது.

கடையில் கிடைக்கும் சாதாரணப் பற்பசையில் பத்து லட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு ஃபுளூரைடு இருக்கும். இந்த ஜெல்லில் அது ஏறக்குறைய 5000. தட்டு ஒத்துவராதவர்களுக்கு அதே 5000 அளவுள்ள பற்பசையை மருத்துவர் எழுதித் தருவார். ஜெல்லோ பற்பசையோ, கார அமிலச் சமநிலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அமிலத்தன்மை உள்ள வகை வறண்ட வாயைச் சுடும், பீங்கான் உறைகளையும் அரிக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எத்தனை நாளைக்கு என்று எல்லோரும் கேட்பார்கள். எச்சில் வறண்டிருக்கும் வரைக்கும். பலருக்கு அது ஆயுள் முழுவதும். முதல் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டுப் பிறகு தட்டை இழுப்பறையில் போடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். காகிதத்தில் பல்லை மடித்துக்கொண்டு வந்தவரிடமும் தட்டு இருந்தது. புதியது போலவே இருந்தது.

படி மூன்று: அந்த ஆறேழு வாரம்

முதல் வாரம் எளிதாகக் கழியும், அதை நம்பி ஏமாறாதீர்கள். இரண்டாவது வாரத்தில் ருசி மங்கும், எச்சில் நூலாக இழுபடும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாயின் உட்தோல் சிவந்து புண்ணாகும். கடைசி வாரங்களில் அது உச்சத்துக்குப் போகும். சிகிச்சை முடிந்த மறுநாளே குறையவும் குறையாது, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். ருசி திரும்பச் சில மாதம் ஆகும்.

இந்தக் காலத்தில் பிரஷை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். மிக மென்மையான இழைகள் உள்ள பிரஷை வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்தால் இன்னும் இளகும். புதினா மணமும் அதிக நுரையும் உள்ள பற்பசை தீயாய் எரியும். மணமற்றதையோ மிதமானதையோ தேடுங்கள், ஆனால் ஃபுளூரைடு அளவைப் பார்த்து வாங்குங்கள். பிரஷை நுழைக்கவே முடியாத நாட்களில் ஈரமான மென்துணியைச் சுட்டுவிரலில் சுற்றித் துடையுங்கள். மறுநாள் மீண்டும் பிரஷுக்கு வாருங்கள்.

கொப்பளிக்கும் நீரை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான குடிநீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு. தினமும் புதிதாகக் கலக்குங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்ட பின்பு கட்டாயம். பசையாய் ஒட்டும் எச்சிலை இது கரைத்துவிடும், அமிலத்தையும் முறிக்கும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த வாய்கழுவிகளைத் தூக்கி எறியுங்கள். வலிக்குப் பென்சிடமின் கலந்த கொப்பளிப்பு மருந்தையோ மரத்துப்போகச் செய்யும் மருந்தையோ மருத்துவர் தரலாம். மரத்துப்போன வாயால் சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீமோவும் சேர்ந்து நடந்தால் வாந்தி வரும். வாந்தி எடுத்த உடனே பல் துலக்காதீர்கள். வயிற்று அமிலத்தில் ஊறி இளகிய எனாமலைப் பிரஷ் சுரண்டிவிடும். சோடா நீரில் கொப்பளித்து, அரை மணிநேரம் விட்டுத் துலக்குங்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் பல் இடுக்கில் நூல் விடலாமா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வெள்ளையாகத் தயிர் ஆடைபோலப் படிந்து, துடைத்தால் அடியில் சிவந்து தெரிந்தால் அது பூஞ்சை. மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்து உண்டு. ஆனால் பூஞ்சைக்கான சில திரவ மருந்துகளிலும் சப்பும் மாத்திரைகளிலும் சர்க்கரை இருக்கிறது. வாயைக் காக்கக் கொடுத்த மருந்தே பல்லுக்கு ஊட்டும் பாகு ஆகிவிடும். சர்க்கரை இல்லாத வகை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மருந்து வேலைசெய்ய அரை மணிநேரம் விட்டுப் பிறகு கொப்பளியுங்கள்.

பல்செட் அணிபவர்கள் புண் காலத்தில் அதைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. ஆறிய பிறகு பழைய செட் பொருந்தாமல் போகலாம். அப்போது அளவு சரிபார்த்துத்தான் போட வேண்டும். அது உரசி உண்டாக்கும் புண், கதிர்பட்ட எலும்பின்மேல் இருப்பதால், சாதாரணப் புண் ஆகாது.

குழாய் வழியாக உணவு போகிறவர்களின் வீட்டாரிடம் ஒரு வார்த்தை. வாயால் எதுவும் சாப்பிடவில்லை என்பதால் பல் சுத்தமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். மெல்லாத வாயில் அழுக்குப்படலம் இன்னும் தடித்துப் படியும்.

படி நான்கு: வறண்ட வாயோடு வாழ்வது

பரிசோதனையின்போது என் சிறு கண்ணாடி நோயாளியின் கன்னத்தின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால்தான் வரும். வறட்சி எவ்வளவு என்று அந்த ஓர் இழுப்பிலேயே தெரிந்துவிடும். வீட்டில் நீங்களே பார்க்கலாம்: உலர்ந்த ரொட்டித்துண்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா?

கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும், அடிக்கடி ஒரு மிடறு குடியுங்கள். ஆனால் தண்ணீர் ஈரம் தரும், எச்சில் செய்யும் பூச்சு வேலையைச் செய்யாது. சுரப்பி கொஞ்சமாவது உயிரோடிருந்தால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுவது அதைத் தூண்டும். எலுமிச்சைப் புளிப்பு மிட்டாய் சப்பினால் எச்சில் ஊறும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்வார்கள். நாள் முழுக்க அமிலத்தைப் பல்லின்மேல் பூசுகிற வேலை அது, வேண்டாம். செயற்கை உமிழ்நீர் ஜெல்கள் உண்டு. இரவில் கன்னத்தின் உட்புறமும் நாக்கிலும் தடவிக்கொண்டு படுத்தால் ஒருமுறை குறைவாக எழுந்திருப்பீர்கள். அவற்றிலும் அமிலத்தன்மை உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

பைலோகார்பைன் என்ற மாத்திரை சுரப்பைக் கூட்டும், வியர்வையையும் கூட்டும். கட்டுப்படாத ஆஸ்துமாவும், குறுங்கோண வகைக் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்கு அது ஆகாது. நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இங்கே ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும். எடை குறையாமலிருக்க உணவு ஆலோசகர் சத்துப்பானம் எழுதித் தருவார். அதில் சர்க்கரை நிறைய இருக்கும். பல் மருத்துவர் சர்க்கரையைத் தொடாதே என்பார். நோயாளி நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார். என் பார்வையில் எடைதான் முதலில். சிகிச்சையைத் தாங்க உடம்பு வேண்டும். ஆகவே பானத்தை நிறுத்தாதீர்கள், குடிக்கும் விதத்தை மாற்றுங்கள். ஒரு டம்ளரைக் காலையிலிருந்து மாலைவரை உறிஞ்சிக்கொண்டிருந்தால் பல் நாள் முழுவதும் அமிலத்தில் நனையும். அதையே உட்கார்ந்து ஒரே வேளையாகக் குடித்துவிட்டுச் சோடா நீரில் கொப்பளியுங்கள். சர்க்கரையின் அளவைவிட அது எத்தனை தடவை வாய்க்குள் போகிறது என்பதுதான் பல்லைப் பாதிக்கிறது.

புகையிலை, மது இரண்டையும் பற்றி உங்கள் மருத்துவர் ஏற்கனவே சொல்லியிருப்பார். நான் திரும்பச் சொல்லவில்லை.

படி ஐந்து: வாய் திறக்கும் அளவைக் காப்பது

மெல்லும் தசைகளில் கதிர் பட்டால் அவை மெதுவாக இறுகி நார்போல் ஆகும். சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்துத்தான் தெரியும். ஒரு நாள் கொட்டாவி விடும்போது தாடை பிடித்திழுக்கும். மேல், கீழ் முன்பற்களின் முனைகளுக்கு நடுவே 35 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் திறந்தால் அதை வாய்ப்பூட்டு என்று எடுத்துக்கொள்வோம். வாய் திறக்காவிட்டால் சாப்பாடு மட்டுமா போகிறது? கடைவாயில் பிரஷ் நுழையாது, ஃபுளூரைடுத் தட்டு ஏறாது, பல் மருத்துவரின் கருவியும் உள்ளே போகாது.

குளியலறைக் கண்ணாடியருகே சிறிய ஸ்கேல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அளந்து தேதியோடு எழுதுங்கள். பயிற்சியைக் கதிர்வீச்சு தொடங்கும் நாளிலேயே தொடங்குங்கள். பலரும் சொல்லித்தரும் ஒரு முறை: நாளுக்கு ஐந்து வேளை, ஒவ்வொரு வேளையும் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் இறுக்கம் தெரியும் அளவுக்குத் திறந்து 30 விநாடி பிடித்திருப்பது. ஐஸ்கிரீம் குச்சி போன்ற தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, சில நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சி கூட்டலாம். அதற்கென்றே கைப்பிடியோடு கருவிகளும் உண்டு. இறுக்கம் தெரிய வேண்டும், சுளீரென்று வலிக்கக் கூடாது. ஆடும் பற்கள் இருந்தால் குச்சி வைக்கும் முன் கேளுங்கள்.

சில நாளிலேயே அளவு சட்டென்று குறைந்தால் பயிற்சியைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.

படி ஆறு: தாடை எலும்பு, ஆயுளுக்கும்

அதிகக் கதிர் வாங்கிய எலும்பில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கி, செல்கள் குறைந்து, காயம் ஆற்றும் திறன் போய்விடுகிறது. குறைந்த ஆக்சிஜன், குறைந்த செல்கள், குறைந்த ரத்தக்குழாய்கள் என்று 1983இல் அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் இதை விளக்கினார். எலும்பு ஈறைவிட்டு வெளியே தெரிந்து மூன்று மாதமாகியும் மூடாமல், அங்கே புற்றும் திரும்பவில்லையென்றால், அதைக் கதிர்வீச்சு எலும்புச் சிதைவு என்போம். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான், அதிலும் கடைவாய்ப் பகுதியில்தான், அதிகம் வரும். 60 கிரேக்கு மேல் வாங்கிய இடத்தில் ஆபத்து கூடுதல்.

பெரும்பாலும் அதைத் தொடங்கிவைப்பது ஒரு பல் பிடுங்கல். தானாகவும் வரலாம். எத்தனை ஆண்டு கழிந்தாலும் அந்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பத்தாண்டு கழித்து, புற்றுநோயையே மறந்துவிட்ட ஒருவர், பக்கத்துத் தெருப் புதிய பல் மருத்துவரிடம் போய் வாயைத் திறப்பார். அவர் கேட்கமாட்டார், இவரும் சொல்லமாட்டார். ஐந்து நிமிடத்தில் பல் வந்துவிடும். குழி மூடாது.

கதிர்பட்ட பகுதியில் பல் கெட்டால் முதலில் வேர் சிகிச்சை செய்து வேரை உள்ளேயே வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். மேல்பகுதி போய்விட்டால்கூட ஈறு மட்டத்தில் வெட்டி, வேரை அடைத்து மூடி அப்படியே விடலாம். அழகாக இராது, ஆனால் எலும்பு தப்பும். பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால் கதிர்பட்ட தாடைகளைக் கையாண்டு பழகிய வாய் அறுவை மருத்துவரிடம் போங்கள். உயரழுத்த ஆக்சிஜன் அறையில் உட்காரவைத்தால் எலும்புச் சிதைவு வராது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2019இல் வெளியான ஹோபான் என்ற ஆய்வில், கீழ்த்தாடையில் பல் எடுத்தவர்களுக்கும் செயற்கைப் பல்வேர் பதித்தவர்களுக்கும் அந்த ஆக்சிஜன் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அதை யாராவது கட்டாயம் என்றால் காரணம் கேளுங்கள்.

நாக்கில் ஏதோ கல்போல நெருடுவது, ஈறில் மஞ்சள் வெளுப்பாக எலும்பு தெரிவது, ஆறாத குழி, துர்நாற்றம், சீழ், கீழுதடு மரத்துப்போவது: இவற்றில் எது வந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள். எலும்பை வலுப்படுத்தும் பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் வாங்கியிருந்தால் தவறாமல் சொல்லுங்கள், அவையும் தாடையை ஆறவிடாமல் செய்யக்கூடியவை.

குழந்தை என்றால்

பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் கதிர் பட்டால் சில பற்கள் முளைக்காமலே போகலாம், சிறியதாக வரலாம், வேர் குட்டையாகலாம், தாடை ஒரு பக்கம் வளராமல் நிற்கலாம். குழந்தைகளுக்கான பல் மருத்துவர் தொடக்கத்திலிருந்தே குழுவில் இருக்க வேண்டும். பல்லைச் சீராக்கக் கம்பி போடுவது பற்றிய பேச்சு வரும்போது, வேர் குட்டையாக இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

படி ஏழு: பையில் ஒரு அட்டை

முதல் ஓரிரு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை வேண்டும். வாய் நன்றாக இருந்தால் இடைவெளியைக் கூட்டுவதைப் பல் மருத்துவர் முடிவுசெய்யட்டும். நாள் குறித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பிறகு அழைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அழைப்பதில்லை.

கடைசியாக, சிகிச்சை முடியும் நாளில் கதிர்வீச்சுத் துறையிலிருந்து சுருக்க அறிக்கை வாங்கி, அதிலிருந்து நான்கு வரிகளை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவரின் கைபேசியிலும் அதன் படம் இருக்கட்டும். இந்த மாதிரி எழுதினால் போதும்:

தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றவர். முடிந்த மாதம், ஆண்டு: ____.
மொத்த அளவு: ____ கிரே. அதிகம் பட்ட இடம்: கீழ்த்தாடை வலம் / இடம் / இரண்டும்.
இந்தப் பகுதியில் பல் பிடுங்கும் முன், செயற்கைப் பல்வேர் பதிக்கும் முன், ஈறு அறுவைக்கு முன் கதிர்வீச்சு மருத்துவரிடம் பேசவும். எண்: ____.
தினமும் ஃபுளூரைடு பயன்படுத்துகிறேன். வாய் திறப்பு: ____ மில்லிமீட்டர்.